ஒரு வாவியும் பல சாஸ்திரங்களும்

மட்டக்களப்பு நகருக்கு வடகிழக்கே, வாவியின் நீர் நிலத்தினுள்ளே புகுந்து கழிகளாய்ப் பிரிந்து கிடக்கும் பகுதியில் அமைந்த அமிர்தகழி என்னும் ஊரை, இலங்கைத் தமிழருட் பெரும்பாலோர் அங்கே கோயில்கொண்டிருக்கும் மாமாங்கேஸ்வரரின் பேராலேயே அறிவர். மூலஸ்தானத்தில் எழுந்தருளியிருப்பது சிவலிங்கம். ஊரார் வாயில் அதுவே மாமாங்கப் பிள்ளையார். இந்த முரண்பாட்டை விளக்கித் தீர்த்துவைக்க வேண்டுமென்ற அவசரம் அங்கே எவருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆடி அமாவாசையன்று, தகப்பனை இழந்தவர்கள் பிதிர்க்கடன் கழிக்கும்பொருட்டு எழுவான்கரை ஊர்களிலிருந்தும், வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரை ஊர்களிலிருந்தும் திரண்டு வந்து தீர்த்தக்குளத்தில் மூழ்கி எழுவதும், அக்குளத்தை இராமாயணத்தோடு இணைத்துப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்வதும் இன்றளவும் அற்றுப்போகாத சம்பிரதாயங்கள்.

இந்த யாத்திரிகர்களைத் தவிர வேறொரு வகையினரும் 170 ஆண்டுகளுக்கு மேலாக இவ்வாவிக் கரைக்கு வந்துபோயிருக்கிறார்கள். ஒருவர் தண்ணீருக்கடியில் எழும் ஓசையைக் கேட்க வந்தார். ஒருவர் மாமன் சொத்து மருமகனுக்குச் சேரும் முறையை விசாரித்து எழுதினார். ஒருவர் கூத்தின் ஆட்டத்தையும் தாளக்கட்டையும் ஏட்டிலிருந்தும் கூத்தாசிரியரான அண்ணாவியார் வாயிலிருந்தும் திரட்டினார். நுளம்பின் குடம்பியைத் தேடி வந்தவர்களும் உண்டு. சர்வகலாசாலைகளில் இவர்களுடைய துறைகள் வெவ்வேறு கட்டடங்களில், வெவ்வேறு பீடங்களின் ஆளுகையில் இருப்பவை. ஒருவர் எழுதியதை மற்றொருவர் புரட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் நேர்வதில்லை. ஒன்றுக்கொன்று உறவில்லாத இத்தனை ஆராய்ச்சிகள் ஒரே நீர்நிலையைச் சுற்றி எவ்வாறு வந்து குவிந்தன என்ற வரலாற்றை எழுதப் புகும்போது முதலிற் கண்ணில் படுவது, இங்கே வந்த கேள்விகளிற் பல இங்கே பிறந்தவை அல்ல என்பதுதான். லண்டனிலோ கொழும்பிலோ பிராக் நகரிலோ எழுந்த ஏதோவொரு தேவைக்கு இவ்வாவிக்கரை விடையாகவோ சான்றாகவோ பயன்பட்டது. ஊரிலேயே பிறந்த கேள்விக்கு விடை தேடியவர்கள் சிலரே. அந்தச் சிலருடைய முறை வேறாக இருந்தது.

பிரித்தானிய ஆட்சியில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக 1845 முதல் 1850 வரை இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ட் மட்டக்களப்புக்கு வந்தது 1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில். புதிய வரிகளை எதிர்த்து மலைநாட்டில் மூண்ட கலகம் அடங்கியும் அடங்காமலும் இருந்த காலம் அது. அரசாங்கத்தின் இரண்டாம் நிலைப் பெரிய மனிதர் ஒருவர் அந்த வேளையில் வாவியின் அடியிலிருந்து சங்கீதம் கேட்கிறதாமே என்று விசாரித்துக்கொண்டிருந்தார் என்பது, ஆட்சியாளர் மனம் எத்தனை அறைகள் கொண்டது என்பதைக் காட்டுகிறது. பழைய ஒல்லாந்தர் கோட்டைக்கு எதிரேயுள்ள தோணித்துறைக்கு மேலும் கீழும் சில இடங்களில் இந்த ஓசை எழுவதாக அவருக்குச் சொல்லப்பட்டது. மீன்தான் பாடுகிறது என்பது பொதுவான நம்பிக்கை. வாவியில் வலை வீசிப் பிழைத்தவர்களோ ஊரி என்னும் நத்தைகளே அவ்வாறு அழுகின்றன என்று சொல்லி, அந்த ஊரிகளை உயிரோடு பிடித்துவந்து அவர்முன் வைத்தார்கள்.

அன்றிரவு நிலவு எழுந்தபின் தெனன்ட் அந்த மீனவர்களோடு தோணியேறினார். கோட்டை வாயிலின் துறையிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய 200 யார் தூரம் சென்றார்கள். காற்று அசையவில்லை, துடுப்பு விழும் இடத்தைத் தவிர நீரில் சுருக்கமே இல்லை. குறித்த இடம் வந்ததும் ஓசை கேட்டது. ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் அதிர்வை அவர் அதற்கு ஒப்பிட்டார். நீண்டு ஒலிக்கும் ஒற்றைச் சுரமாக இல்லாமல், தனித்தனியே தெளிவாகக் கேட்கும் எண்ணிறந்த சிற்றொலிகளாக, மிக உச்சமும் மிக மந்தமும் கலந்து அது இருந்தது. தோணியின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி பலமடங்கு பெருகிற்று. அவ்விடத்தை விட்டு விலகியதும் ஓசை மறைந்தது. திரும்பி வந்ததும் மீண்டும் கேட்டது.

இங்கேதான் அந்த உத்தியோகஸ்தரை நாம் மெச்ச வேண்டும். அழகிய இரவொன்றை வருணித்துவிட்டு நிறுத்தியிருக்கலாம். அவ்வாறு செய்தவர்கள் பலர். அவரோ, போய் வந்து மீண்டும் போய், ஓசை இடத்தோடு ஒட்டியிருக்கிறது, நீந்தித் திரிவதோடு ஒட்டியிருக்கவில்லை என்று நிச்சயித்துக்கொண்டு, ஆகவே மீனைக் காட்டிலும் ஊரியே காரணமாக இருக்கக்கூடும் என்ற மீனவர் கூற்றுக்குப் பலம் இருப்பதாக எழுதினார். எடின்பரோவில் றொபேட் கிறான்ட் என்னும் விலங்கியல் அறிஞர், கண்ணாடிச் சாடியில் வைத்த கடல் நத்தையொன்று ஒலி எழுப்பியதைக் கேட்டுப் பதிவுசெய்திருந்த செய்தியையும் துணைக்கு அழைத்தார். 1859இல் வெளிவந்த அவருடைய இலங்கை பற்றிய பெருநூலிலும், 1861இல் வந்த இயற்கை வரலாற்று நூலிலும் இச்செய்தி இடம்பெற, மட்டக்களப்பு என்ற பெயரை அதற்குமுன் கேட்டறியாத ஐரோப்பிய விலங்கியலாருக்கு அது ஒரு விவாதப் பொருளாயிற்று. அவரைத் தோணியில் ஏற்றிச் சென்று இடங்காட்டிய மீனவர்களின் பெயர்கள் அந்நூல்களில் இல்லை. ஊரிகளின் இலத்தீன் பெயர்கள் இருக்கின்றன. பின்னாளில் மட்டக்களப்பில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி லாங் அடிகள் இவ்வோசையைக் கருவியிற் பதிவுசெய்ய, இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பியது. ஊரியின் உரிமை எவ்வாறு போயினும், 'மீன்பாடும் தேனாடு' என்ற பெயரை ஊர் விட்டுக்கொடுக்கவில்லை.

தெனன்டுக்கு அடுத்த தலைமுறையில் கிழக்கு மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த ஹியூ நெவில் என்பவரை எந்தத் துறைக்கு உரியவர் என்று சொல்வது கடினம். சங்கு சிப்பி வகைகளை வகுத்தார், பறவைகளைக் கவனித்தார், வேடரைப் பற்றி எழுதினார், சிங்கள, தமிழ் ஏடுகளைத் திரட்டினார், 1885 முதல் 1888 வரை 'தப்ரொபேனியன்' என்ற பத்திரிகையை நடத்தி இவை அனைத்தையும் அதற்குள் கொட்டினார். அவர் சேர்த்த ஓலைச்சுவடிகள் 2000க்கு மேற்பட்டவை பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. அக்காலத்தில் ஒரே மனிதர் இவ்வாறு பத்துத் துறைகளில் கால் வைப்பதை எவரும் விபரீதமாகக் கருதவில்லை. பத்துத் துறைகளுக்கும் பத்துப் பேராசிரியர்களை நியமித்து, ஒவ்வொருவரும் தம் எல்லைக்குள் நிற்க வேண்டுமென்ற ஒழுங்கு பிறகு வந்தது.

நீதிமன்றத்தின் தேவை வேறுவகையானது. மட்டக்களப்புப் பிரதேசத்தில் முக்குவர் என்னும் சமூகத்தார் மத்தியில் வழங்கிய சுதந்தரமுறையில், ஒருவனுடைய முதுசச் சொத்து அவன் பெற்ற பிள்ளைகளைச் சேராமல் அவனுடைய சகோதரியின் பிள்ளைகளைச் சேரும். தானே உழைத்துத் தேடிய தேட்டத்துக்கு விதி வேறு. ரோமன் டச்சுச் சட்டத்தைப் படித்துவிட்டு வந்த நீதிபதிகள் இந்த வழக்குகளைக் கேட்டுத் திகைத்தனர். நியாயவாதியான கிறிஸ்தோபர் பிறிற்றோ, அவ்விதிகளைத் திரட்டி 'முக்குவ சட்டம்' என்ற நூலை 1876இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 'யாழ்ப்பாண வைபவமாலை'யை 1879இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் இவரே. காலத்தின் குறும்பைப் பாருங்கள்: நூல் வந்த அதே 1876இல் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் வந்தது. கண்டியரையும் முஸ்லிம்களையும் தேசவழமைக்கு உட்பட்ட தமிழரையும் விலக்கி, ஏனையோர் எல்லோருக்கும் பொதுவான விவாக, சுதந்தர விதிகளை அது வகுக்க, மருமக்களின் உரிமை நீதிமன்றத்தில் முடிந்துபோயிற்று. ஆசிரியர் வழிகாட்டியாக எழுதிய நூல் அச்சின் ஈரம் காயுமுன்னே சரித்திர நூலாகிவிட்டது.

ஆனால் சட்டம் போனதால் வழக்கம் போய்விடவில்லை. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையை அவ்வீட்டுக்கு அழைத்துக்கொள்வதும், ஒருவர் எந்தக் குடி என்பதைத் தாயின் வழியே கணக்கிடுவதும், வயிற்றுவார் என்னும் தாய்வழிக் கிளை பார்த்துக் கோயில் உரிமைகளைப் பங்கிடுவதும் தொடர்ந்தன. இதுவே அரை நூற்றாண்டுக்கு முன் மானிடவியலாரை இங்கே ஈர்த்தது. உறவுமுறை என்பது பரம்பரையால் ஆவதா, மணத்தொடர்பால் ஆவதா என்று மேற்குலகச் சர்வகலாசாலைகளில் நெடுநாளாக ஒரு பெரும் வாதம் நடந்துகொண்டிருந்தது. துருக்கியிற் பிறந்த நூர் யல்மன் தம் 1967ஆம் ஆண்டு நூலில் இலங்கையின் உட்பகுதிச் சிங்கள ஊர்களோடு கீழைக்கரை ஊர்களையும் வைத்து ஆராய்ந்தார். அமெரிக்கரான டெனிஸ் மக்கில்வ்றே 1969 அளவில் அக்கரைப்பற்றில் தங்கி ஆராயத் தொடங்கி, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளின் பின், 2008இல் தம் பெருநூலை வெளியிட்டார். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வகையான தாய்வழிக் குடிமுறையைப் பகிர்ந்துகொண்டு அருகருகே வாழ்வதை அவர் விரித்துக் காட்டிய பகுதிகள், அரசியல் இவ்விரு சமூகத்தையும் எத்துணை தூரம் பிரித்துவைத்தது என்பதை அறிந்த எவரையும் நிறுத்தி யோசிக்கச் செய்யும். மார்க் விற்றேக்கர் மண்டூர்க் கந்தசுவாமி கோயிலை எடுத்துக்கொண்டு, அதன் நிருவாகிகளான வண்ணக்கர்மார் ஒவ்வொருவரும் கோயிலின் வரலாற்றைத் தத்தம் உரிமைக்கு ஏற்பச் சொல்லும் விதத்தை ஆராய்ந்து 1999இல் நூலாக்கினார். பூசகரான கப்புகனார் வாய்கட்டித் திரைக்குப் பின்னே மந்திரமின்றி நிகழ்த்தும் பூசையைப் பார்த்தவர்களுக்கு, அங்கே எதனையும் ஒரே விளக்கத்துக்குள் அடக்க முடியாது என்பது புரியும்.

மொழியியலாரின் வருகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில், பேச்சுத் தமிழ் வகைகள் எல்லாவற்றிலும் மட்டக்களப்புத் தமிழே எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியதென்றும், பழமையான பல இயல்புகளைக் காத்து வைத்திருப்பதென்றும் கருதினார். இக்கூற்று மட்டக்களப்பு மேடைகளில் அடிக்கடி எடுத்துரைக்கப்படுகிறது. அதற்கான சான்றுகளைப் பொறுமையோடு வாசித்தவர்கள் அத்தனை பேர் இல்லை.

இனிச் சொல்ல வேண்டியவர் வேறு வகையினர்.

காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம், மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் கற்று, 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். 1916ஆம் ஆண்டில் அவருக்கு இரண்டு பட்டங்கள் கிடைத்தன: கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியின் விஞ்ஞான டிப்ளோமா ஒன்று, மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பட்டம் மற்றொன்று. ஒரே மனிதர் ஒரே ஆண்டில் இவ்விரண்டையும் பெறுவது அன்றைக்கும் விநோதம், இன்றைக்கும் விநோதம். பிறகு லண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டமும் பெற்று, யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்து, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகி, 1922இல் சென்னை ஸ்ரீ ராமகிருஷ்ண மடத்தை அடைந்து, 1924இல் சந்நியாசம் பெற்று விபுலானந்தர் ஆனார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் வடமொழி, தென்மொழி நாடக இலக்கணங்களையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்த 'மதங்க சூளாமணி' 1926இல் வெளிவந்தது. 1931இல் அண்ணாமலைச் சர்வகலாசாலையின் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1943இல் இலங்கைச் சர்வகலாசாலையின் முதல் தமிழ்ப் பேராசிரியர். நடுவே இமயமலைச் சாரலில் மாயாவதியில் 'பிரபுத்த பாரத' என்னும் ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியர். 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க முயற்சிகளிலும், இரசாயனம் முதலிய சாஸ்திரங்களுக்குத் தமிழ்ச் சொல் காண்பதிலும் முன்னின்றவர்களுள் அவர் ஒருவர்.

இவையெல்லாம் வந்து கூடிய இடம் 'யாழ்நூல்'. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலே யாழாசிரியனின் அமைதியைச் சொல்லும் பகுதி நெடுங்காலம் உரையாசிரியர்களுக்கே கடினமாக இருந்தது. யாழ் என்னும் கருவியோ வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. இலக்கியப் புலவர்கள் சொற்பொருள் அறிவர், சுரஸ்தானம் அறியார். சங்கீத வித்துவான்கள் சுரம் அறிவர், பழந்தமிழ் அறியார். பௌதிக ஆசிரியர்கள் நரம்பின் அதிர்வு அறிவர், இவ்விரண்டும் அறியார். அடிகளார் மூன்றையும் ஒரு மேசையில் வைத்துக்கொண்டார். நரம்பின் நீளத்தை மூன்றில் இரண்டாகக் குறைத்தால் இளி பிறக்கும். நான்கில் மூன்றாகக் குறைத்தால் உழை பிறக்கும். இவ்வாறு இளிக்கு இளியாக ஏறிச் சென்றால் ஏனைய சுரங்களெல்லாம் முறையே தோன்றும். பன்னிரண்டாம் முறை ஏறியதும் தொடங்கிய குரலின் ஏழாம் மண்டிலத்தில் வந்து பொருந்த வேண்டும். ஆனால் ஓர் இம்மி மிகுந்துவிடும். கிரேக்கரும் சீனரும் கண்ட இந்த இம்மியை எங்கே வைத்து அடக்குவது என்பதே சுருதிக் கணக்கின் தலைவலி. தஞ்சாவூரில் மருத்துவராய் இருந்த ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகர'த்தில் ஒரு மண்டிலத்துக்கு 24 அலகு என்று வாதித்தார். விபுலானந்தர் 22 அலகின் வழி நின்றார். குரலைப் பெயர்த்துப் பெயர்த்துச் செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை முதலாகிய ஏழு பாலைகளையும் பிறப்பிக்கும் முறையை, இராசிச் சக்கரத்தின் பன்னிரண்டு வீடுகளில் நரம்புகளை நிறுத்திப் பழையோர் காட்டிய வட்டத்தின் துணைகொண்டு, எண்கணிதத்தால் மெய்ப்பித்து, பண்களுக்கும் தேவாரத்துக்கும் அவர் சென்றார். வில்யாழும் பேரியாழும் மகரயாழும் சகோடயாழும் செங்கோட்டியாழும் மீண்டும் உருவம் பெற்றன. மிருதங்கத்தின் தோலில் எழும் இசைமைகளைப் பற்றிச் சி. வி. இராமன் 1920இல் எழுதியது போன்ற ஆராய்ச்சிகள் நம்மவரிடையே முன்னரே இருந்தாலும், பௌதிக முறையைக் கொண்டு ஒரு பழந்தமிழ்ச் செய்யுட் பகுதியின் பொருளைத் தெளிவித்த பெருமை இந்த நூலுக்கே உரியது.

கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக 'யாழ்நூல்' 1947 ஜூன் 5, 6ஆம் நாள்களில் திருக்கொள்ளம்பூதூர் ஆலயத்தில் அரங்கேறியது. ஜூலை 19ஆம் நாள் அடிகளார் மறைந்தார்.

வாவியில் எழும் ஓசையை நீரர மகளிரின் இசையாகக் கொண்டு அவர் கவிதை இயற்றியிருக்கிறார். இதனைத் தெனன்டின் பக்கங்களோடு சேர்த்துப் படித்துப் பார்ப்பது பயனுடையது. தெனன்ட், இந்த ஓசையை எழுப்பும் பிராணி எது என்று கேட்டார்; விலங்கியலில் அதற்கு மேல் கேட்க இடமில்லை. விபுலானந்தர், இவ்வோசை எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று கேட்கும் காது உடையவர். அந்த வாவிக்கரையிலேயே படித்து வளர்ந்தவருக்கு அக்கேள்வி எழுந்ததில் ஆச்சரியமில்லை. தண்ணீருக்குள் எழும் ஒலி அவரிடத்தில் இசையாகவும் கணக்காகவும் கவிதையாகவும் ஒரே நேரத்தில் இருந்தது. துறைகளை 'இணைக்க வேண்டும்' என்று இக்காலத்தில் மாநாடு கூட்டிப் பேசுகிறோம். இணைப்பதற்கு அவர் ஒன்றும் பாடுபட்டதாகத் தெரியவில்லை. யாழ் என்ற ஒரு பொருள் அவருக்கு வேண்டியிருந்தது. அதற்கு எது எது தேவையோ அது அதனைக் கற்றுக்கொண்டார்.

கூத்தின் கதைக்கு வருவோம். மட்டக்களப்புக் கிராமங்களில் வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகளும் விவசாய ஓய்வுக் காலத்தை அளவுகோலாகக் கொண்டு வளர்ந்தவை. ஊர்ப் பெரியவர்கள் கூடிக் கதையைத் தெரிந்து, ஆளுக்கு ஆள் வேஷம் குறித்து, அண்ணாவியார் ஒவ்வொருவருக்கும் அவரவர் பாட்டும் வசனமும் அடங்கிய சட்டத்தைக் கொடுப்பார், இது சட்டங்கொடுத்தல். பல வாரம் ஆடிப் பழகியபின் சதங்கை அணிதல், அதன்பின் கிழமைக்கூத்து, பின்பு குறையெல்லாம் நீக்கி ஒருமுறை முழுதும் ஆடிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல், இறுதியில் மண்ணால் உயர்த்திய வட்டக்களரியில் அரங்கேற்றம். களரியின் நடுவே அண்ணாவியாரும் மத்தளமும் சல்லரியும் நிற்க, சுற்றிலும் ஊரார் அமர்ந்திருக்க, விடியவிடிய ஆடுவார்கள். அரங்கேறிய பின்னும் வீட்டுக்கு வீடு சென்று ஆடும் வழக்கம் உண்டு. இத்தனை மாதகாலப் பயிற்சியையும் ஒரு பரீட்சைக்குரிய பாடத்திட்டமென எவரும் அன்று எண்ணவில்லை; ஆனால் அதிலுள்ள கண்டிப்பு எந்தச் சர்வகலாசாலைக்கும் குறைந்ததன்று. ஒரு வேஷத்துக்குரிய வரவு ஆட்டத்தைத் தவறவிட்டவனை அண்ணாவியார் ஊரார் முன்னிலையில் விட்டுவைக்க மாட்டார்.

1956க்குப் பின், சிங்கள நாடகம் தன் கிராமிய மரபிலிருந்து புதிய வடிவங்களைக் கண்டுகொண்டிருந்த வேளையில், தமிழருக்கென ஒரு நாடக வடிவம் எங்கேயிருக்கிறது என்ற கேள்வி எழுந்தது. பேராதனைச் சர்வகலாசாலைத் தமிழாசிரியர் சு. வித்தியானந்தன் அதற்கு விடையைக் கீழ்மாகாணக் களரிகளிற் கண்டார். கிராமங்களில் கூத்துப் போட்டிகளை ஊக்கியும், ஏடுகளை அச்சிட்டும், மட்டக்களப்பு நாட்டுப் பாடல்களைத் தொகுத்து 1962இல் வெளியிட்டும் வந்த அவர், இரவு முழுவதும் ஆடும் கூத்தை ஓரிரு மணி நேரத்துக்குள் சுருக்கி, வட்டக்களரியை விட்டுப் படச்சட்ட மேடையில் ஏற்றி, 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' என ஒன்றன்பின் ஒன்றாகச் சர்வகலாசாலை மாணவரைக் கொண்டு தயாரித்தார். சுருக்கியது சரியா, வட்டத்தை உடைத்தது சரியா என்று இன்றும் வாதம் நடக்கிறது, நடக்கட்டும். வாதிப்பதற்கு ஒரு பொருள் எஞ்சியிருப்பது அவரால்தான்.

'இராவணேசனி'ல் இராவணனாக ஆடிய மாணவர் அமிர்தகழிக்காரர். 1943இல் அங்கே பிறந்து, வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தில் கற்றுப் பேராதனைக்குச் சென்ற சின்னையா மௌனகுரு, தாம் ஆடிய கூத்தையே தம் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அந்த ஆய்வு 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' என்ற பெயரில் 1998இல் நூலாக வந்தது. அதில் பறைமேளக் கூத்து, மகிடிக் கூத்து முதலியவையும், கோயிற் சடங்குகளில் உறைந்துள்ள நாடகக் கூறுகளும் வடமோடி, தென்மோடிகளோடு வரிசைபெற்று நிற்கின்றன. மேலே சொன்ன மானிடவியலார் குடியையும் கோயிலையும் பார்த்த அதே முற்றத்தில் அவர் ஆட்டத்தைப் பார்த்தார். காலில் சதங்கை கட்டியவரே கையில் பேனாவையும் பிடித்தபோது, அண்ணாவியாரின் சொல் தகவலாக இல்லாமல் சாஸ்திரமாக நூலில் ஏறியது. தெனன்டின் மீனவர்களுக்குக் கிடைக்காத பெயர் அண்ணாவிமாருக்குக் கிடைத்தது.

பட்டத்தை எதிர்பாராமல் ஊரிலிருந்தே எழுதியவர்களையும் ஒதுக்கிவிட முடியாது. எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் மட்டக்களப்பு மாவட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலில் கோயில், குளம், வேளாண்மை, சாதிவழக்கம் அனைத்தும் ஒன்றாக வருகின்றன. ஏடுகளில் கிடந்த 'மட்டக்களப்பு மான்மிய'த்தை எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்தார். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' இலக்கியம், நாட்டுப்பாடல், பேச்சு வழக்கு, ஆலயம், கூத்து என்று எல்லாவற்றையும் தொட்டுச் செல்கிறது. ஒரு துறைப் பேராசிரியர் இந்நூல்களை எடுத்துப் பார்த்தால் ஆங்காங்கே குறை காண்பார். மான்மியத்தின் பழங்கால அரசவரிசையை வரலாறென ஒப்புக்கொள்ள எவரும் தயங்குவர். ஆயினும் வெளியிலிருந்து வந்த ஒவ்வோர் ஆய்வாளரும் முதலிற் கையில் எடுத்தது இந்த நூல்களைத்தான்.

1981 ஆகஸ்ட் மாதத்தில், மௌனகுரு படித்த அதே வந்தாறுமூலை வித்தியாலயத்தின் வளவில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டு, 1986 அக்டோபரில் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. யுத்தத்தின் நடுவே அது நடந்த விதம் தனியே எழுதப்பட வேண்டிய கதை. அந்த யுத்தமும் புதிய ஆராய்ச்சியாளரைக் கொணர்ந்தது. பிள்ளைகளைக் காணாமற் போக்கிய தாய்மார் அம்மன் கோயில்களில் தெய்வமாடுபவரிடம் வாக்குக் கேட்டு ஆறுதல் தேடியதை, 1990களில் இங்கே தங்கியிருந்த பற்றிசியா லோறன்ஸ் ஆராய்ந்தார். மனநோய் மருத்துவரின் துறை எது, சமயத்தின் துறை எது என்று பிரித்துச் சொல்ல முடியாத இடம் அது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்லடி, நாவலடிக் கரைகளை வாரிக்கொண்டு போனபின், புவியியலாரும் பொறியியலாரும் சமூகவியலாரும் ஒருசேர வந்து இறங்கினர். கேள்விக்கொத்து நிரப்பி நிரப்பிக் களைத்த அகதிமுகாம் மக்களைக் கேட்டால், ஆராய்ச்சியின் பல்வகைமையைப் பற்றி வேறுவிதமான அபிப்பிராயம் சொல்வார்கள்.

அண்மைக் காலத்து ஆய்வொன்றையும் குறிப்பிட வேண்டும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஈடிஸ் நுளம்புகள் நன்னீரில் மட்டுமே முட்டையிடும் என்பது பாடநூல்களில் நெடுங்காலமாக இருந்த கொள்கை. நுளம்பொழிப்பு வேலைகளெல்லாம் மழைநீர் தேங்கும் சிரட்டை, ரயர், பூச்சாடி என்ற அளவிலேயே நடந்தன. யாழ்ப்பாணத்து ஆய்வாளரும் கிழக்குப் பல்கலைக்கழக விலங்கியலாரும் கூடி மட்டக்களப்புக் கரையோரத்திலும் யாழ்ப்பாணத்திலும் தேடியபோது, எறியப்பட்ட பிளாஸ்டிக், கண்ணாடிப் பாத்திரங்களிலும், கைவிடப்பட்ட தோணிகளிலும், பாவனையற்ற கிணறுகளிலும் தேங்கியிருந்த உவர்நீரில் இந்நுளம்பின் குடம்பிகள் வளர்ந்துகொண்டிருந்தன. ஆயிரத்துக்குப் பதினைந்து பங்கு உப்புள்ள நீரிலும் அவை இருந்தன. 2011இல் இம்முடிவு சர்வதேச மருத்துவ ஆய்விதழொன்றில் வெளியாயிற்று. கடல்மட்டம் உயர்ந்து உவர்நீர் நிலத்துக்குள் புகப் புக இந்நோய்கள் பரவும் பரப்பும் விரியக்கூடும் என்று அவர்கள் எச்சரித்தார்கள். கழியும் கடலும் சூழ்ந்த நிலத்தில் வாழ்பவர்களுக்கு எழக்கூடிய கேள்வி இது; வாவியைக் காணாத ஊரில் இருந்துகொண்டு இதனைக் கேட்டிருக்க முடியாது.